மழைக்கும் பனிக்கும் முன்னே லயத்தையும் வாசலையும் தயார்படுத்துவோம்



"இந்த வருஷம் குளிர் ஜாஸ்தி" என்று ஒவ்வொரு மார்கழியிலும் சொல்கிறோம். குளிரை யாராலும் நிறுத்த முடியாது. ஆனால் ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். ஒரே லயத்தில், ஒரே தகரத்துக்குக் கீழே, பக்கத்துப் பக்கத்துக் காம்பரா இரண்டு. ஒன்றில் நுழைந்தால் குளிர் எலும்பில் ஏறுகிறது. மற்றதில் ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு நிம்மதியாக உட்காரலாம். என்ன வித்தியாசம்? பெரும்பாலும் ஈரம்தான். பின்சுவரில் ஈரம், தரையில் ஈரம், கட்டிலுக்கு மேலே கொடியில் தொங்கும் துணியில் ஈரம். ஈரமான சுவரும் ஈரமான துணியும் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். ஆகவே குளிருக்குத் தயாராவது என்றால் ஈரத்தை வீட்டுக்கு வெளியே நிறுத்துவது என்றே நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த வேலை மார்கழியில் செய்கிற வேலை இல்லை. புரட்டாசியில் செய்கிற வேலை.

மலைநாட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் மழை வருவதில்லை. ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை பக்கத்தாருக்குப் பெரிய மழை தென்மேற்குப் பருவத்தில், மே தொடங்கி செப்டம்பர் வரை. பதுளை, பசறை போன்ற ஊவாப் பக்கத்தாருக்கு வடகீழ்ப் பருவத்தில், டிசம்பர் தொடங்கி பெப்ரவரி வரை. இடையில் வரும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் எந்தப் பக்கமானாலும் அந்தி நேரத்தில் இடிமழைதான். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உண்டானால் நாள் கணக்கில் அடைமழை. அது ஓய்ந்த பிறகு, ஜனவரி பெப்ரவரியில் நுவரெலியாவைச் சுற்றியுள்ள பள்ளங்களில் உறைபனி. ஆக, தீபாவளிக்கு முன்னே வேலையை முடித்தவர்களுக்கு மூன்றுக்கும் சேர்த்து வேலை முடிந்தது.

தீபாவளிக்குச் சுண்ணாம்பு அடிப்பது நமது நல்ல பழக்கம். ஆனால் ஈரச் சுவரில் அடித்த சுண்ணாம்பு தைப்பொங்கலுக்கு முன்னே பொரிந்து உதிர்ந்துவிடும். சுண்ணாம்பு வாங்குவதற்கு முன் மண்வெட்டியை எடுப்போம்.

பின்கானில் இருந்து ஆரம்பிப்போம்

பழைய லயங்கள் பல மலையை வெட்டித்தான் கட்டப்பட்டிருக்கின்றன. முதுகுப் பக்கம் மண்மேடு, அதற்கும் சுவருக்கும் நடுவே ஒரு கான். முன்வாசலை நாளுக்கு இரண்டு தரம் கூட்டுகிறோம். பின்கானை எட்டிப் பார்ப்பது வருஷத்துக்கு எத்தனை தரம்? மேட்டிலிருந்து உதிர்ந்த மண், சோற்றுப்பானை கழுவிய கசடு, ஷொப்பிங் பேக், குழந்தையின் பேம்பஸ் எல்லாம் அங்கேதான் சேருகின்றன. நாளடைவில் கானின் மட்டம் உயர்ந்து, காம்பராவின் தரைக்குச் சமமாக வந்துவிடுகிறது. பிறகு மழைத் தண்ணி ஓட வழியில்லாமல் சுவரடியிலேயே நிற்கிறது. கல்லும் மண்சாந்தும் வைத்துக் கட்டிய சுவர், விளக்குத்திரி எண்ணெய் குடிக்கிற மாதிரி அந்தத் தண்ணியைக் குடித்து மேலே ஏற்றுகிறது. உள்ளே இடுப்பு உயரத்துக்குப் பூஞ்சணம் பிடிக்கிறது. "சுவரு ஊறுது" என்று கூரையைப் பார்க்கிறோம். கூரை பாவம், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

கானை அடிவரை வெட்டி எடுக்க வேண்டும். கானின் அடி, காம்பராத் தரையைவிட ஒரு சாணாவது பணிவாக இருக்க வேண்டும். வெட்டி முடித்தபின் மேல் முனையில் ஒரு வாளித் தண்ணியை ஊற்றி, கூடவே நடந்து பாருங்கள். எங்கே நிற்கிறதோ அங்கே இன்னும் வேலை இருக்கிறது. சிமெந்துக் கானில் வெடிப்பு இருந்தால், ஒரு பங்கு சிமெந்துக்கு மூன்று பங்கு மணல் கலந்து பூசினால் போதும். சின்ன வெடிப்புத்தானே என்று விட்டால், தண்ணி நேரே அத்திவாரத்துக்குள் போகும். வெட்டி எடுத்த மண்ணை மேட்டு விளிம்பில் குவிக்கக் கூடாது, பணிய லயத்துக்காரர் தலைக்கு மேலும் கொட்டக் கூடாது. மரக்கறிப் பாத்திக்குக் கொண்டுபோனால் அந்த மண்ணுக்கும் பிரயோசனம் உண்டு.

இது ஒரு குடும்பம் தனியாகச் செய்து முடிக்கிற காரியம் இல்லை. தொங்கல் காம்பராக்காரர் அடைத்து வைத்தால் லயம் முழுவதும் ஊறும். மேட்டு லயத்துத் தண்ணி பணிய லயத்துக்கு வருகிறது என்ற சண்டை எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறது. கானின் முடிவு இன்னொருவர் வாசலாக இல்லாமல் பெரிய கானாக இருந்தால் பாதிச் சண்டை தீரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் லயத்தார் எல்லாரும் சேர்ந்து இரண்டு மணித்தியாலம் சிரமதானம் செய்தால் பன்னிரண்டு காம்பரா லயத்தின் கான் துப்புரவாகிவிடும்.

"நாமளே செஞ்சிட்டா நிர்வாகம் தப்பிச்சுக்கும், அவங்கதான் செய்யணும்" என்று ஒரு பேச்சும் உண்டு. அந்தப் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. உடைந்த கான், உளுத்த கைமரம், துருப்பிடித்த தகரம் எல்லாம் நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்க வேண்டியவை. வாய்ப்பேச்சாகச் சொல்லாமல் திகதி போட்டு, லயத்தார் எல்லாரும் கையொப்பம் வைத்துக் கொடுத்து, ஒரு பிரதியை நாமும் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் பதில் வரும்வரை மழை காத்திருக்காது. கடிதமும் கொடுப்போம், கானும் வெட்டுவோம்.

கூரை ஒழுகுகிறதா, வேர்க்கிறதா?

"மழையே பெய்யல, விடிய எந்திரிச்சா போர்வ நனைஞ்சி கிடக்கு" என்று பல தாய்மார் எங்களிடம் சொல்கிறார்கள். கூரையில் ஓட்டை தேடி ஏறினால் ஒன்றும் இல்லை. விஷயம் என்னவென்றால் தகரம் வேர்க்கிறது. இராத்திரி ஐந்தாறு பேர் விடுகிற மூச்சு, சோற்றுப்பானை ஆவி, உள்ளே காயப்போட்ட துணியின் ஈரம் எல்லாம் மேலே போய், குளிர்ந்த தகரத்தில் பட்டுத் தண்ணியாகிச் சொட்டுகிறது. மழை நாளில் ஒரே இடத்தில் சொட்டினால் அது ஓட்டை. மழையில்லாத குளிர்ந்த விடியலில் தகரம் முழுக்கத் துளித்துளியாக நின்றால் அது வேர்வை. ஓட்டைக்குத் தார், வேர்வைக்குக் காற்று. இந்த இரண்டையும் மாற்றிச் செய்து காசை வீணாக்குகிறவர்கள் நம்மில் அநேகம்.

குளிருக்குப் பயந்து சுவருக்கும் கூரைக்கும் இடையில் உள்ள சந்துகளைச் சாக்கால் முழுக்க அடைத்துவிடுகிறோம். காற்று அடிக்கிற பக்கத்தை மட்டும் அடைத்து, எதிர்ப்பக்கத்தைத் திறந்து விடுங்கள். ஈரத்துணியை இஸ்தோப்பில் கட்டிய கொடியில் போடுங்கள். படுக்கிற இடத்துக்கு மேலே சாக்குப் படங்கைத் தகரத்தோடு ஒட்டாமல் ஒரு சாண் கீழே இழுத்துக் கட்டினால், நடுவில் நிற்கும் காற்று குளிரையும் சொட்டையும் தடுக்கும். அடுப்புப் பக்கம் மட்டும் சாக்கு வேண்டவே வேண்டாம்.

உண்மையான ஓட்டைக்கு வருவோம். தகரத்தின் ஆணி மேட்டில் இருக்க வேண்டும், பள்ளத்தில் அல்ல. தண்ணி ஓடுவது பள்ளத்தில். பள்ளத்தில் அடித்த ஆணி எவ்வளவு தார் பூசினாலும் ஒழுகும். ஏறுகிறவர் ஆணி வரிசை தெரிகிற இடத்தில் கால் வைக்க வேண்டும், அதற்குக் கீழேதான் ரீப்பை இருக்கிறது. நனைந்த தகரத்தில் ஏறவே கூடாது. காற்றுக்குத் தகரம் பறக்காமல் கல்லையும் டயரையும் மண்மூட்டையையும் மேலே வைப்பது வழக்கமாகிவிட்டது. பலமான காற்றில் அந்தக் கல்தான் முதலில் உருண்டு வாசலில் விளையாடுகிற பிள்ளையின் தலைக்கு வரும். மண்மூட்டையின் ஈரம் தகரத்தையும் தின்றுவிடும். தகரத்தைக் கம்பியால் கைமரத்தோடு முறுக்கிக் கட்டுவதே சரி. தீபாவளி முற்பணம் கைக்கு வரும்போது இரண்டு கட்டுக் கம்பியும் கொஞ்சம் ஆணியும் வாங்கிவிடுங்கள், பட்டாசு கொஞ்சம் குறைந்தால் பரவாயில்லை. அஸ்பெஸ்டஸ் கூரை உள்ளவர்கள் அதை அறுக்கவோ, துளைக்கவோ, சுரண்டிக் கழுவவோ வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலுக்குப் பொல்லாதது.

கூரையைப் பார்க்கும்போதே வயரையும் பாருங்கள். ஒழுகுகிற இடத்தின் வழியாகக் கரண்ட் வயர் போகக் கூடாது. பல லயங்களில் குறுக்குச் சுவர் தகரம் வரை எட்டுவதில்லை. ஒரு காம்பராவில் பிடித்த தீ மேலாலே ஓடி, முழு லயத்தையும் எரித்துவிடுகிறது. ட்ரிப் சுவிட்ச் இருந்தால் அதில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு தரம் அமுக்கிப் பாருங்கள். அமுக்கியதும் கரண்ட் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த சுவிட்ச் இருந்தும் இல்லாததுதான்.

பின்மேட்டைத் தொடாதீர்கள்

பிள்ளைகள் பெருகப் பெருகக் காம்பரா போதவில்லை. பின்னால் இரண்டு அடி மேட்டை வெட்டினால் ஒரு குசினி போடலாம் என்று தோன்றுவது இயற்கை. ஆனால் மேட்டின் அடியை வெட்டுவது, நிற்கிற மனுஷனின் காலை இழுப்பதற்குச் சமம். அன்றைக்கு விழாது. மண் நன்றாகத் தண்ணி குடித்துக் கனத்த ஒரு இராத்திரியில் விழும். மேட்டு உச்சியில் பீலித் தண்ணி கசிய விடுவதும், மலசலகூடக் குழி தோண்டுவதும், கொத்தி உருளைக்கிழங்கு போடுவதும் அதே மாதிரிதான். மேட்டுச் சரிவில் வெட்டிவேர் நெருக்கமாக நட்டால் வேர் ஆழமாக இறங்கி மண்ணைப் பிடிக்கும். ஏற்கனவே வெட்டிவிட்டோமே என்பவர்கள் மேலும் வெட்டாமல், மேட்டுக்கு மேலே ஒரு கான் எடுத்து, மழைத் தண்ணியை ஒரு பக்கமாகத் திருப்பிவிட வேண்டும். அப்படிப்பட்ட காம்பராவில் அடைமழை நாட்களில் மேட்டுப் பக்கச் சுவரோரம் யாரும் படுக்கவே கூடாது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின் மழையில் பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை மாவட்டங்களில் எத்தனையோ மலைகள் சரிந்தன. ஆகவே "எங்க லயம் நூறு வருஷமா நிக்குது, ஒண்ணும் ஆகாது" என்ற பேச்சை இனியும் நம்பியிருக்க முடியாது. நூறு வருஷத்துக்கு முன் அந்த மேட்டில் இத்தனை வெட்டு இல்லை, இத்தனை குழியும் இல்லை.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நிறத்தில் கொடுக்கிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இருங்கள், செம்மஞ்சள் என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் வெளியேறுங்கள். இதற்கு மழையின் அளவு ஒரு முக்கிய கணக்கு. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் தயார், 150 தாண்டினால் அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால் வெளியேற்றம். இந்தக் கணக்கு நமக்குக் கஷ்டமானது இல்லை. தோட்டத்தில் மழைமானி இருக்கும், மழையை எழுதி வைப்பது பழைய வழக்கம். பிரட்டில் தினமும் அந்த எண்ணைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அடிமுதல் வாய்வரை ஒரே அகலமான ஒரு பால்மா டின்னைத் திறந்த வெளியில் வைத்து, பிள்ளையின் பள்ளிக்கூட அடிமட்டத்தால் அளந்தாலும் போதும். 75 மில்லிமீற்றர் என்பது மூன்று அங்குலம், 150 என்பது ஆறு அங்குலம். பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுங்கள். பெரியவர்களைவிட ஒழுங்காகச் செய்வார்கள்.

எண்ணுக்குக் காத்திருக்க முடியாத அடையாளங்களும் உண்டு. தரையில் அல்லது சுவரில் புது வெடிப்பு, லேசாகத் திறந்த கதவு திடீரென்று இறுகிக்கொள்வது, மரமும் போஸ்ட்டும் சாய்வது, இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புவது, இருந்த ஊற்று நிற்பது அல்லது சேறாக வருவது, மலையிலிருந்து முறியும் சத்தம். இவற்றில் ஒன்றைக் கண்டால் நிறம் பார்க்க வேண்டியதில்லை, வெளியேறிவிட வேண்டும். பிறகு கிராம உத்தியோகத்தருக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும், 117 என்ற இலக்கத்தில் இடர் முகாமைத்துவ நிலையத்துக்கும் சொல்ல வேண்டும். எங்கே போவது, பாட்டியை யார் தூக்குவது, கைப்பிள்ளையை யார் எடுப்பது என்பதைப் பகல் வெளிச்சத்தில் பேசி வைத்துக்கொள்வது நல்லது. இராத்திரி இரண்டு மணிக்கு மழையில் பேச நேரம் இருக்காது.

அடையாள அட்டை, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், கிளினிக் கார்ட், ஊழியர் சேமலாப நிதிக் காகிதம், வீட்டுப் பத்திரம், பெரியவர்களின் பிரஜாவுரிமைப் பத்திரம் எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் பையில் கட்டிக் கதவருகில் வையுங்கள். ஒரு பிறப்புப் பத்திரத்துக்காக எத்தனை நாள் பேர் இழந்து கந்தோர் வாசலில் நின்றோம் என்பது மற்றவர்களைவிட நமது சனங்களுக்கு நன்றாகத் தெரியும்.

அடுப்பும் கைப்பிள்ளையும்

கவ்வாத்து மிலாறு கிடைக்கும் காலத்திலேயே கட்டிக்கொண்டு வந்து, தரையில் படாமல் இரண்டு கல்லின் மேல், சுவரோடு ஒட்டாமல் அடுக்கி வையுங்கள். ஈரவிறகு சூட்டைவிடப் புகையைத்தான் அதிகம் கொடுக்கும். மழைக்கு முன் புகைக்கூண்டைத் தட்டிக் கரியைக் கொட்டிவிடுங்கள்.

குளிர் தாங்காமல் தணல் சட்டியைப் படுக்கிற காம்பராவுக்குள் வைத்துக் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தித் தூங்குவது மிக ஆபத்தானது. தணலிலிருந்து காபன் மொனொக்சைட்டு என்ற வாயு வருகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தணலில் புகை இல்லையே என்று நினைத்து ஏமாந்துவிடுகிறோம். வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலையிடியும் மயக்கமும் வாந்தியும் வந்தால் முதலில் கதவைத் திறந்து எல்லாரையும் வெளியே கொண்டுவர வேண்டும். படுக்கும் முன் சட்டி வெளியே போய்விட வேண்டும். சூடு வேண்டுமானால் போத்தலில் சுடுதண்ணி நிரப்பி, மூடியை இறுக்கித் துணியில் சுற்றிக் கால்மாட்டில் வைக்கலாம். கைப்பிள்ளை படுக்கும் இடத்தில் அதுவும் வேண்டாம், கசிந்தால் சுட்டுவிடும்.

சின்னப் பிள்ளைக்குச் சளி பிடித்தால் கோடாலித் தைலத்தைப் பூசிப் போர்த்தி வைக்கிறோம். சாதாரணச் சளி சில நாளில் போய்விடும். நியூமோனியா அப்படிப் போகாது. பிள்ளை அழாமல் இருக்கும்போது உடுப்பைத் தூக்கி, ஒரு நிமிஷம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணோ அதற்கு மேலோ வந்தால், அல்லது மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பக்கம் குழி விழுந்தால், அல்லது பால் குடிக்க மறுத்தால், விடியட்டும் என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். 1990க்கு எடுத்தால் அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. வாகனம் லயம் வரை வர முடியாத இடமானால் எந்தச் சந்தியில் நிற்கலாம் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்து வையுங்கள்.

வாசலும் பாத்தியும்

மழைக்கு முன் பாத்திகளை ஒரு சாண் உயர்த்தி, சரிவுக்குக் குறுக்காக அமையுங்கள். சரிவோடு நீளமாகப் போட்ட பாத்தி முதல் மழையிலேயே மண்ணைப் பணிய லயத்துக்கு அனுப்பிவிடும்.

உறைபனி விழுகிற இடத்தில் இருப்பவர்கள் அதன் குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். மேகம் மூடிய இரவில், காற்று வீசுகிற இரவில் அது விழாது. அந்தியில் வானம் வெளுத்து, நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்து, இலை அசையாமல் இருந்தால் அன்றைக்குத்தான் விழும். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணியைப் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் ஓடையோரப் பாத்தி கருகினாலும் பத்தடி மேலே உள்ள பாத்தி தப்புகிறது. தை மாதம் வயலில் நிற்கும்படி போஞ்சியும் உருளைக்கிழங்கும் தக்காளியும் போடுகிறவர்கள் மேல் பாத்தியில் போடுங்கள். லீக்ஸ், கோவா, கரட் ஓரளவு தாங்கும், அவற்றைப் பள்ளத்துக்கு விடலாம். பனி வரும் என்று தெரிந்த அந்தியில் நான்கு கம்பு நட்டு, செடியில் படாமல் சாக்கையோ மானாப்புல்லையோ மூடுங்கள், வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள். மூட மறந்துவிட்டால் சூரியன் படுவதற்கு முன் தண்ணி தெளித்துப் பனியைக் கரைத்துவிடுவது பழைய கை.

மாடு வைத்திருப்பவர்கள் பட்டியின் காற்றுப் பக்கத்தை மறைத்து, தரையில் உலர்ந்த புல்லைப் போட்டுத் தினமும் மாற்ற வேண்டும். பெரிய மாடு குளிரைத் தாங்கும். கன்று ஈரத்தில் படுத்தால் தாங்காது. பனி நிற்கிற புல்லை அறுத்த கையோடு போடாமல், வெயில் பட்டு உலர்ந்த பிறகு போடுங்கள். கோழிக்கூட்டை மேட்டு அடியிலிருந்து தள்ளி, தரையிலிருந்து இரண்டடி உயர்த்தினால் ஈரமும் வராது, கீரியும் கொஞ்சம் யோசிக்கும்.